பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறும் பெரியவர்களுக்கு

ஆமத்தூர்

விருதுநகர், ஆமத்தூர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துச் சபைகளில் பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற தம்பதியருக்கு,



ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே நம் பேச்சு ஆரம்பித்துவிடும். மகன் வரச் சொல்கிறான், மருமகளுக்கு லீவு முடிகிறது, விசா வந்துருச்சு, மாவு மில்லில் சத்துமாவு அரைக்கக் கொடுத்திருக்கிறேன். பிறகு ஆறு மாதம் உங்கள் இருக்கை காலியாகக் கிடக்கும். திரும்பி வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வீர்கள்: ஊர் சுத்தம், குளிர் தாங்கவில்லை, பேச ஆளில்லை. சாமான் கட்டிப்போன பெட்டியில் சாக்லேட்டும் வலிநிவாரணித் தைலமும் வந்திருக்கும்.

நீங்கள் போவதை நான் குறை சொல்லவில்லை. மகளுக்குப் பிரசவம் என்றால் தாய் போகாமல் யார் போவது? ஆனால் போகிற இடத்தில் உங்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. அந்த வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை என்பது என் எண்ணம். அதைச் செய்யச் சொல்லி நம் சபைகள் உங்களை இதுவரை கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடலைக் குருவானவருக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் பகுதிப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு பேர் வெளியே போனார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். சம்பளம் ஒரு காரணம்தான். பட்டாசு ஆலையில் அறை அறையாக உட்கார்ந்து மருந்து செலுத்திய தாய், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய தாய், தன் பிள்ளை அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்தாள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். அன்று இந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்த வைராக்கியத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்ட பிறகு தொழிலே என்ன ஆகுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, ஐடிஐயோ டிப்ளமாவோ பொறியியலோ படிக்க வைத்து ஏற்றி அனுப்பினோம். பிள்ளை வெடிமருந்துக்குத் தப்பினான். அதற்கு அப்புறம் அவன் எங்கே தூங்கினான், யாரோடு சாப்பிட்டான் என்று நாம் அதிகம் விசாரிக்கவில்லை. பணம் வந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூரில் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போன பையன்கள் தொழிலாளர் விடுதிகளில் இரட்டைக் கட்டில்களில் படுக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்றைக்குத் தேக்காவுக்கும் சிராங்கூன் சாலைக்கும் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, ஒரு புரோட்டா சாப்பிட்டு, புல்தரையில் உட்கார்ந்து போன் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நிற்கிற அந்தத் தெருக்களில் அறுபது வயதுக்காரர் ஒருவரைக் காண்பது அரிது. 2013 டிசம்பர் 8 இரவு அங்கே பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தபோது கலவரம் வெடித்தது. உடனே எல்லாரும் மதுவைப் பற்றிப் பேசினார்கள், மது விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2020-இல் கொரோனா விடுதிகளுக்குள் புகுந்தபோது அதே பையன்கள் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அம்மாவிடம் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்றார்கள். அம்மாவிடம் வேறு எதைச் சொல்வான்?

படிக்கப் போனவர்கள் கதை வேறு. ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருக்கிற பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டில் இல்லை, தனி அறை இருக்கிறது. அந்தத் தனி அறைதான் அவர்களுக்குப் பிரச்சினையே. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில், பகுதிநேர வேலை முடிந்து வந்து, முந்தாநாள் வைத்த குழம்பைச் சூடுபண்ணிக்கொண்டு, கடன் தவணையைக் கணக்குப் போடுகிறாள் ஒரு பெண். அவளுக்கு வயது இருபத்துமூன்று. அங்கேயும் தமிழ்ச் சபைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பாட்டு, பிரசங்கம், தேநீர், அப்புறம் குடும்பக்காரர்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள். தனியாக வந்த பிள்ளை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு கூட்டத்தாரின் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். மார்மன்கள் என்று நாம் சொல்கிற, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி அவர்களுக்குத் தலைமையிடம். வெள்ளைச் சட்டையும் டையும் பெயர்ப் பட்டையுமாக இரண்டிரண்டு பேராக நடக்கும் அவர்களுடைய இளைஞர்களைப் பெங்களூரிலோ சென்னையிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். உபதேசத்தில் அவர்களுக்கும் நமக்கும் ஒத்துப்போகாது. அதை வாதாட எனக்கு இப்போது நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. நான் கவனித்தது அவர்கள் மூத்த தம்பதியரை வைத்து நடத்துகிற காரியத்தை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்தே ஊழியத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு வரை காலம் குறித்து அனுப்புகிறார்கள். சம்பளம் கிடையாது, செலவு அவர்களுடையது. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பது இளைஞர்களுக்கு விட்ட வேலை, இவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஒரு தம்பதியை மருத்துவ உதவிக்குப் போடுவார்கள், இன்னொன்றை அலுவலகக் கணக்குக்கு. சிலரை மணமாகாத வாலிபரிடையே போடுவார்கள். ஐரோப்பாவின் நகரங்களில் இதற்கென்று கூடங்களே வைத்திருக்கிறார்கள். மாலையில் கூடம் திறந்திருக்கும். மாணவர்கள் வருவார்கள். வேதவகுப்பு ஒன்று நடக்கும். பெரும்பாலும் நடப்பது சாப்பாடும் பேச்சும்தான். யாருக்கோ தேர்வில் தோல்வி, யாருக்கோ வேலை போய்விட்டது, யாருக்கோ காதல் முறிவு. தாத்தா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

இதை வெள்ளைக்காரர்தான் செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். 1978-இல் அப்படி இந்தியாவுக்கு வந்த ஒரு தம்பதி நம் நாட்டவர்களே. எட்வின் தர்மராஜுவும் அவர் மனைவி எல்சியும் சமோவாத் தீவில் வேலை பார்த்தபோது அந்தச் சபையில் சேர்ந்தவர்கள். சில மாத ஊழியத்துக்கு என்று ஐதராபாத் வந்தார்கள். முதலில் கேட்டவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்களே. அந்தச் சபைக்குத் தென்னிந்தியாவில் வேர் பிடித்த கதையில் அந்தத் தம்பதிக்கு இன்றும் இடமுண்டு.

நமக்கு இது புதுசா என்றால், அதுவும் இல்லை. நம் ஆமத்தூர் உட்கார்ந்திருக்கிற இடத்தையே பாருங்கள். ஒரு பக்கம் விருதுநகர், பழைய அமெரிக்கன் மதுரை மிஷன், இன்றைய மதுரை-இராமநாதபுரம் திருமண்டலம். மறுபக்கம் சிவகாசி, சாட்சியாபுரம், பழைய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி), இன்றைய திருநெல்வேலித் திருமண்டலம். இரண்டுமே வெளியிலிருந்து வந்த ஆட்களால் உண்டானவை. ‘வெளி’ என்றதும் லண்டனும் பாஸ்டனும் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தை மறந்துவிடுகிறோம். 1834-இல் மதுரையில் அமெரிக்கர் வேலை தொடங்கியபோது மிஷனெரிகள் ஹாய்சிங்டனும் டாடும் தனியாக வரவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த தமிழ் இளைஞர் மூவர் கூட வந்தார்கள். அவர்களுக்குக் கடல் கடந்து போகிற ஊர் மதுரை. பிற்பாடு 1900-இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் அயல்நாட்டு மிஷன் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தித் தொண்டியில் ஊழியரை வைத்தார்கள். தொண்டி எங்கே இருக்கிறது? 1985 வரை நாம் எல்லாரும் ஒன்றாகக் கிடந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான். ஆக, வெளிநாட்டு மாணவர்கள் காசு சேர்த்து மிஷன் நடத்திய ‘அயல்நாடு’ நம்முடையது.

1902-இல் யாழ்ப்பாணம் போன வி.எஸ். அசரியா அந்த மாணவர்களின் மிஷனைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பினார் என்பார்கள். வெட்கமோ வேறொன்றோ, அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அசரியா அப்போது வாலிபர்களிடையேதான் வேலை செய்துகொண்டிருந்தார், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக. பிறகு 1909-இல் மனைவி அன்பு மரியம்மாளோடு தோர்ணக்கல் போய்த் தெலுங்கு மண்ணில் குடியேறினார். 1912-இல் பேராயரானார்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1910 எடின்பரோ மாநாடு. உலகத்து மிஷன்களின் பெரிய தலைவர்கள் உட்கார்ந்திருந்த அந்தச் சபையில், முப்பத்தைந்து வயது வெள்ளாளன்விளைக்காரர் எழுந்து, எங்களுக்காக உயிரையும் உடைமையையும் கொடுத்தீர்கள், சரி, நண்பர்களாக எங்களோடு உட்கார்ந்தீர்களா என்ற பொருளில் கேட்டார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கேள்வி இப்போது நம்மைப் பார்த்து நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் பணம் கொடுத்தோம், புத்தி சொன்னோம், ஜெபித்தோம். அவர்களோடு ஒரு மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறோமா?

சிவகாசிப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ராக்லண்ட் ஐயர் பெயர் உங்களுக்குத் தெரியும். கேம்பிரிட்ஜில் ஆசிரியப் பதவி, சென்னையில் சி.எம்.எஸ். செயலாளர் பதவி இரண்டையும் பார்த்தவர். 1854-இல் அவரும் உடன் மிஷனெரிகள் பென்னும் மெடோசும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வடதிருநெல்வேலியின் கரிசல் ஊர்களில் அலைந்தார்கள். 1858 அக்டோபர் 22-இல், 43 வயதில், சிவகாசியில் இறந்தார். நெஞ்சுநோய். நாம் அவரையே நினைவுகூருகிறோம். அவரோடு சுற்றிய உபதேசியார்களை நினைப்பதில்லை. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை போட்டு, சுமார் ஒரு மாதத்துக்கு, செலவைத் தாங்களே ஏற்று வடக்கே அனுப்பி வைத்தன. காலம் குறித்த ஊழியம், சொந்தச் செலவு, முடிந்ததும் ஊர் திரும்புவது. யூட்டாக்காரர் இன்று செய்வதன் அச்சு இந்தக் கரிசல் மண்ணில் 170 ஆண்டுகளுக்கு முன்பே விழுந்திருக்கிறது. அதே 1850-களில் திருநெல்வேலி உபதேசியார்கள் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் போனார்கள், தோட்டத்துக்குப் போன நம் சனங்களைத் தேடி. அந்தத் தோட்டத்துக் கூலிக்கும் சிங்கப்பூர் விடுதிப் பையனுக்கும் நடுவில் விமானம் ஒன்றுதான் புதுசு.

தம்பதியாகப் போவதில் இருக்கிற வலிமைக்கு இடையன்குடி போதும். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தை உலகம் அறியும். ஊர்ப் பெண்கள் அறிந்தது எலைசாவை. நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள், தமிழ் மண்ணில் வளர்ந்தவர், 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி வைத்தார், சரிகைப்பின்னல் சொல்லிக்கொடுத்தார். பல பத்தாண்டுகள் அந்தத் தேரிக்காட்டில் ஒரு வீடு திறந்திருந்தது. அப்படித் திறந்திருந்த வீட்டை நான் ஒப்பிலக்கணத்துக்குக் குறைத்து மதிக்க மாட்டேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கங்கள் அனுப்புகிற மிஷனெரிகள் பெரும்பாலும் வாலிப வயதில் போகிறவர்கள். அவர்களுக்குப் பெரிய பாரம் பிள்ளைகளின் படிப்பு. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தன் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்று தனிப் பள்ளியே நடத்த வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தப் பாரம் இறங்கியாயிற்று. பென்ஷன் வருகிறது, அல்லது கடை வாடகை வருகிறது. வீடு பூட்டிக் கிடக்கலாம். விசா வாங்கித் தர மகன் இருக்கிறான். கனடாவில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று உண்டு. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். இவ்வளவு இருந்தும் பதினோராவது மாடியில் உட்கார்ந்து, யூடியூபில் ஊர்ப் பிரசங்கியாரைக் கேட்டுக்கொண்டு, ‘பேச ஆளில்லை’ என்கிறீர்கள். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாலு தமிழ்ப் பையன்கள் ஒரு பாத்திரத்தில் நூடுல்ஸ் கிண்டுகிறார்கள்.

வாரத்தில் ஒரு மாலை வீட்டைத் திறந்து வையுங்கள். மகன், மருமகளிடம் முதலில் கேளுங்கள், வீடு அவர்களுடையது. அவர்களுக்கு இஷ்டமில்லை என்றால் அங்குள்ள தமிழ்ச் சபையின் கூடத்தைக் கேட்கலாம். ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும் ஒரு அப்பளமும் போதும். அசன விருந்து வேண்டாம். பெரிய விருந்து வைத்தால் இரண்டாம் வாரமே களைத்துவிடுவீர்கள். இந்து வீட்டுப் பையன் வருவான், முஸ்லிம் வீட்டுப் பையன் வருவான். வரட்டும். சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது உங்கள் வழக்கம், அதைச் சுருக்கமாகச் செய்யுங்கள். தட்டில் சோறு ஆறும்வரை ஜெபிக்கிற நம் வழக்கம் ஊரோடு இருக்கட்டும்.

அண்ணன்மாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. ‘நாங்க ரெண்டு பேரும் ஊழியம் செய்றோம்’ என்று நம் ஆட்கள் சொன்னால், அவர் பேசுவார், அவள் சமைப்பாள் என்று அர்த்தம். அது நடக்காது. ரிட்டயர் ஆனது நீங்கள். அக்கா இன்னும் ஆகவில்லை. வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள். அடுப்படியில் நிற்கிற பெரியவரிடம் ஒரு பையன் சொல்லுவதைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல மாட்டான்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. வருகிற பிள்ளையிடம் ‘எந்த ஊரு?’ என்று கேட்பீர்கள். அதோடு நிறுத்த வேண்டும். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘எந்தத் தெரு?’, ‘அப்பா பேரு முழுசா என்ன?’, ‘உங்க சேகரத்துல யாரு பெரிய குடும்பம்?’ இந்தக் கேள்விகள் எதற்கு என்று நமக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். 1899-இல் சிவகாசியைக் கொளுத்திய சாதிக் கலவரத்தை நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தத் தீ அணைந்தது என்று யாராவது சொன்னால் அவர்கள் நம் கல்லறைத் தோட்டங்களையும் கல்யாணப் பேச்சுகளையும் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளில் பலர் கடல் தாண்டியதே இந்தக் கேள்விக்கு எட்டாத தூரத்தில் நிற்கத்தான். அங்கேயும் ஒரு பெரியவர் பெட்டியில் வைத்து அதைக் கொண்டுபோய் இறக்கினால் அவன் இரண்டாம் முறை வாசல்படி ஏற மாட்டான். ஏறவும் வேண்டாம்.

வரன் பார்க்கும் வேலையும் கூடாது. நல்ல பையன், நல்ல பிள்ளை, நம்ம சபை என்று உங்கள் மனம் கணக்குப் போடும். போடட்டும், வாயைத் திறக்காதீர்கள். கல்யாணத் தரகு நடக்கிற வீட்டில் எந்தப் பெண்ணும் மனம் விட்டுப் பேச மாட்டாள். அவள் பேசியதை ஊருக்கு போன் போட்டு அவள் அம்மாவிடம் சொல்வது அதைவிட மோசம். அவள் நல்லதுக்குத்தானே என்பீர்கள். உயிருக்கு ஆபத்து, கொடுமை, தற்கொலை எண்ணம் என்றால் உடனே உதவி கூப்பிட வேண்டும். அந்த ஊரின் அவசர எண்ணை அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். மற்றபடி கேட்டது உங்களோடு இருக்கட்டும். பொருத்தமில்லாத காதல் ஆபத்து ஆகாது. முடிக்குச் சாயம் பூசியிருப்பதும் ஆகாது.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் மதம் சார்ந்த கூட்டத்தில் பேச அனுமதிச் சீட்டு வேண்டும். பார்வையாளர் விசாவில் போய் மைக் பிடிக்கக் கூடாது. வளைகுடாவில் ஆராதனை ஒதுக்கிய வளாகங்களுக்குள். துபாயில் ஜெபல் அலியிலும் ஊத் மேத்தாவிலும் ஆலயங்கள் இருக்கின்றன, சவூதியில் ஆலயமே கிடையாது. மதம் மாற்ற முயல்வது அங்கே குற்றம். கைப்பிரதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும் இல்லை, உங்கள் மகனின் வேலையும்தான். மாத்திரை விஷயத்திலும் கவனம் வேண்டும். இங்கே மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிற சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துக்கும் அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் ஒரு பட்டைகூடக் கொண்டுபோக வேண்டாம். நம் வயசுக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறுவது ஊழியமாகாது, பிள்ளை தலையில் கடன் ஏற்றுவது.

ஊரில் இல்லாத வாலிபரா, ஏன் கடல் கடக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நம் ஆமத்தூர்ப் பக்கமே பொறியியல் கல்லூரி விடுதியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நூற்பாலைகளிலும் அச்சகங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளை சிங்கப்பூரில் எப்படியோ, அவர்கள் இங்கே அப்படி. அவர்களை ‘வடக்கன்’ என்கிறோம். ஆகவே என் யோசனை இது: போவதற்கு முன் இங்கே செய்து பாருங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒரு மாலை, ஆறு மாதம். விடுதிப் பிள்ளைகளுக்கும் மில்லுப் பையன்களுக்கும். மொழி தெரியாதே என்பீர்கள். சோறு போடுகிறவரின் சைகை எந்த மொழிக்காரனுக்கும் புரியும். ஆறு மாதம் முகம் சுளிக்காமல் நடத்த முடிந்தவர்கள் போகட்டும். முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரட்டும், அதுவும் நல்ல காரியம்தான்.

பணம் எப்படி என்று கேட்கிற ஊர் இது இல்லை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் காமராசர் படித்தார். வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்துப் பொதுக்காரியம் செய்யக் கற்றுக்கொடுத்ததும் இந்தப் பகுதி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இளைஞர்களாகக் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வெளியூருக்குப் பிள்ளைகளை அனுப்பி அதனால் பிழைத்த ஊர்கள் நாம். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு வேளைச் சோற்றுக்குச் செலவழிக்க நமக்குக் கட்டுப்படியாகும். வசதி இல்லாத தம்பதிக்கு டிக்கெட்டுக்குச் சபை உதவலாம்; தங்குகிற செலவு அவரவருடையதாக இருப்பதுதான் நல்லது. ஊழியத்துக்குச் சம்பளம் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு கமிட்டி வரும், கமிட்டிக்கு ஒரு தேர்தல் வரும், தேர்தலுக்கு இரண்டு கட்சி வரும். நம் திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

சபையிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த சேகரக் கமிட்டியில் இதை ஒரு பொருளாக வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற நம் சேகரத்துப் பிள்ளைகளின் ஊர், நாட்டுப் பட்டியல் ஒன்று எழுதச் சொல்லுங்கள். காணிக்கைக் கணக்குக்காக இல்லை, விசாரிப்பதற்காக. எந்தத் தம்பதி எந்த மாதம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் யார் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்பது தானே தெரியும். போகிறவர்களை ஒரு ஞாயிறு பீடத்துக்கு முன் நிறுத்தி ஜெபித்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அனுபவச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகளின் கதை மைக்கில் வந்துவிடும்.

இந்த வருஷம் விசா கையில் வைத்திருப்பவர்கள் நம் சபையிலேயே சிலர் இருக்கிறீர்கள். கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டாம். போய் இறங்கிய முதல் வாரமே மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தக் கட்டடத்துல, உன் ஆபீசுல, தனியா இருக்கிற நம்ம பிள்ளைக யாரு?’ அவன் சொல்கிற முதல் பெயரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ஆமத்தூர்